பேர் போட்டு எழுதுங்க, அம்மிணி

நாச்சிமுத்து அண்ணன் இறந்த செய்தி எனக்குக் குளிர்பதனக் கிடங்கின் ப்ளான்ட் ரூமில் வந்தது. காலை ஏழே முக்கால் இருக்கும். கம்ப்ரஸர் இரைச்சலில் போன் அடித்தது காதில் விழவில்லை. அது மேசைமேல் நடுங்கி நகர்வதைத்தான் பார்த்தேன். திரையில் அவர் பெயர். மூன்று நாளாகக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தவர், பேசும் அளவுக்குத் தேறிவிட்டார் என்று நினைத்து, "சொல்லுங்ணா, கொழாயெல்லாம் கழட்டிட்டாங்களா?" என்றேன். பேசியது அவர் மகள் கவிதா. "அத்தை, அப்பா போயிட்டாருங்க" என்றாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. எட்டு மணிக்கு எழுத வேண்டிய அழுத்தக் கணக்கை எழுதியிருக்கிறேன். கையெழுத்து என்னுடையதுதான்.

அன்று மதியம் அவர் வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். கவிதா என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். "டாக்டரு சொல்றாருங்க, கிட்னி ரெண்டும் மாசக்கணக்கா கெட்டுக் கெடந்திருக்குதாம். அதுலதான் ஹார்ட் தாங்கலையாம். பகலெல்லாம் உங்ககூடத்தான இருப்பாரு. ஒடம்பு சரியில்லீன்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாருங்களா அத்தை?" என்று கேட்டாள். "இல்லை கண்ணு" என்றேன்.

அது பொய். அன்றிலிருந்து போன் மேசைமேல் நடுங்கினால், திரையில் யார் பெயர் என்று பார்த்த பிறகுதான் எடுக்கிறேன். கவிதா மறுபடி கேட்பாளோ என்ற பயம். கேட்காமலே விட்டுவிடுவாளோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

பதினாறாம் நாள் கூடும்போது வாசிக்க ரெண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார் முதலாளி. பதினொரு வருடமாக லாக் புத்தகம் எழுதுகிறேன், அதனால் எனக்கு எழுத வரும் என்று நினைத்துக்கொண்டார். மணிக்கு ஒரு தரம் அழுத்தம், வெப்பம், எண்ணெய் மட்டம் எழுதுவதுதான் என் எழுத்து. அதில் அழகாக எழுத இடமில்லை, உள்ளதை எழுத வேண்டும். இதையும் அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

பாலக்காட்டுப் பக்கம் இந்த முதலமடையில் மாங்காய் ஏற்றி இறக்கிய எல்லோருக்கும் எங்கள் கோல்ட் ஸ்டோரேஜ் தெரியும். நாச்சிமுத்து அண்ணனையும் தெரியும். என்னவென்று தெரியும்? பயந்தாங்கொள்ளி என்று தெரியும். லாரி டிரைவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் தகரத்தைத் தட்டி அவர் துள்ளுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சிரித்தது மட்டுமில்லை, "உங்களுக்கு மீசை எதுக்குங்ணா, எடுத்து எனக்குக் குடுங்க" என்று கேட்டிருக்கிறேன். அவர் கோபித்ததில்லை. "எடுத்துக்கங்க அம்மிணி, பயத்தை மட்டும் என்கிட்ட உட்ருங்க" என்பார்.

எங்கள் கிடங்கைக் குளிர்விப்பது அம்மோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அதைப்போல நல்ல வேலைக்காரன் கிடையாது. வெளியே வந்தால் முதலில் கண்ணைப் பிடிக்கும், அப்புறம் மூச்சைப் பிடிக்கும். அண்ணன் தன் மனைவியின் கிழிந்த நைலான் சேலையிலிருந்து ஒரு துண்டு கிழித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கம்பத்தில் கட்டியிருந்தார். சிவப்புத் துண்டு. தினமும் காலையில் ப்ளான்ட் ரூம் கதவைத் திறக்கும் முன் தோர்த்துத் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "காத்து எந்தப் பக்கமுங்க?" என்று கேட்பார். அவருக்கே கண் தெரியும். ஆனாலும் நான் அண்ணாந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் கதவைத் திறப்பார். முதல் ரெண்டு வருடம் எனக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. பொம்பளை நான் நேராக உள்ளே போகிறேன், இந்த ஆளுக்குக் கொடி பார்க்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல் படுவேன்.

எங்கள் கம்ப்ரஸர் பேனல் வெளிநாட்டுச் சரக்கு. கோளாறு வந்தால் சின்னத் திரையில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் ஏதாவது ஒரு குறியும் காட்டும். அது என்ன சொல்கிறது என்று விளக்கும் புத்தகத்தை எந்த மகராசனோ ஒரு சீசனில் மாங்காய்ப் பெட்டிக்கு முட்டுக் கொடுக்க எடுத்துப் போய்விட்டான். கோயம்புத்தூரிலிருந்து மெக்கானிக் வர ரெண்டு நாள் ஆகும். ஆகவே போனில் தேடிப் பார்ப்பதுதான் எங்களுக்கு வழி. திரையில் காட்டுவதை அப்படியே அடித்துத் தேடுவோம். எங்கேயோ யாரோ எழுதி வைத்திருப்பதைப் படித்து, அதன்படி வால்வைத் திறப்போம் அல்லது மூடுவோம். இப்போது எழுதும்போதே உடம்பு கூசுகிறது. அன்று கூசவில்லை.

இனி என் தப்பு. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

அது சீசன் உச்சம். தரம் பிரிக்கும் கொட்டகையில் முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், என் நாத்தனார் வள்ளி உட்பட. அண்ணன் வெளியே தண்ணீர் மோட்டாரைப் பார்க்கப் போயிருந்தார். பேனலில் அலாரம் அடித்தது. திரையில் அலாரம் என்ற சொல், ஒரு இடைவெளி, ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டி P2. நான் பேனலின் பெயரையும் போட்டு, திரையில் கண்டதை அப்படியே போனில் அடித்தேன். குறியைக்கூட விடவில்லை. எவ்வளவு கவனம் பாருங்கள்.

ஒரு சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறியை ஒட்டி அடித்தால், தேடுகிற அந்த இயந்திரம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். "இந்தச் சொல் இருக்கிற பக்கமெல்லாம் எனக்கு வேண்டாம்" என்று நாம் சொன்னதாக அதற்குக் கணக்கு. P2 பற்றி எழுதியிருந்த பக்கங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, மற்ற அலாரங்களைப் பற்றிய பக்கங்களை அழகாக அடுக்கித் தந்தது. எந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததோ அதை மட்டும் மறைத்துவிட்டது. எனக்கு அது தெரியாது. முதல் பக்கத்தில், பயப்பட ஒன்றுமில்லை, ரீசெட் அழுத்தி ஓட்டலாம் என்று இருந்தது. அழுத்தினேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணில் மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி இருந்தது. நான் கத்திக்கொண்டு வெளியே ஓடினேன். ஓடியது கொட்டகைப் பக்கம், வள்ளி இருக்கிறாளே என்று. அண்ணன் எதிரில் வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, தலையைத் தூக்கிச் சிவப்புத் துணியைப் பார்த்தார். காற்று நேராகக் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "கெழக்கால வேலி! எல்லாரும் கெழக்கால வேலிக்கு! கூடைய உட்டுட்டு வாங்க!" என்று கத்திக்கொண்டே பெண்களைக் காற்றுக்குக் குறுக்காக ஓட்டினார். அப்புறம் நனைந்த தோர்த்தை மூக்கில் கட்டிக்கொண்டு திரும்பிப் போய், வெளிச்சுவரில் இருக்கிற பெரிய வால்வை மூடினார். கை நடுங்கியது, தூரத்திலிருந்தே தெரிந்தது. நடுங்கிக்கொண்டேதான் மூடினார். யாருக்கும் உயிர் போகவில்லை. வள்ளி நாலு நாள் இருமினாள். அந்த நாலு நாளும் அவள் இருமும் ஒவ்வொரு தடவையும் நான் அடுப்படியில் அசையாமல் நின்றேன், அடுத்த மூச்சை அவள் இழுக்கும் சத்தம் கேட்கும்வரை.

மறுநாள் அண்ணன் என் போனை வாங்கி, நான் தேடியதைப் பார்த்தார். P2-வுக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு மறுபடி தேடினார். வந்த முதல் பக்கத்திலேயே இருந்தது: ரீசெட் செய்யாதே, வால்வை மூடு, கம்ப்ரஸர் சீல் கசிகிறதா என்று பார். நான் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. பேனலின் தகரக் கதவைத் திறந்து அதன் உள்பக்கத்தைக் காட்டினார்.

அதில் மார்க்கர் பேனாவால் எழுதிய ஒரு வரி ஏற்கெனவே இருந்தது. பல வருடம் அந்தக் கதவைத் தினமும் பார்த்தவள், ஒருநாளும் படித்ததில்லை. "நாச்சிமுத்து. எண்ணுக்கு முன்னால் # இருந்தது. போன் அதைத் தின்றுவிட்டது. வேறு மோட்டாரின் படம் பார்த்து வயர் மாற்றினேன். மோட்டார் எரிந்தது." அவ்வளவுதான். அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். "ஒரு குறி தப்பிப் போச்சுன்னு எழுதாதீங்க. குறி மேல பழி போடக் கூடாது. பேர் போட்டு எழுதுங்க, அம்மிணி" என்றார். எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே கஷ்டமான வரி அது, இன்றுவரைக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் வேலை முறை மாறியது. திரையில் எது வந்தாலும் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர் போனில் அடிக்க வேண்டும். எழுத்தை மட்டுமில்லை, குறியையும் பெயர் சொல்லி வாசிக்க வேண்டும். "இடைவெளி, கழித்தல், பி, ரெண்டு." கழித்தல் என்றால் மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். கூட்டல், # போன்றவற்றை அது பெரும்பாலும் பார்க்காமலே தாண்டிப் போய்விடும். அதனால் அவற்றை 'ப்ளஸ்', 'ஹாஷ்' என்று சொல்லாகவே எழுதி இன்னொரு தடவை தேட வேண்டும். பதில் வந்ததும், வந்த பக்கத்தில் நாம் கேட்டது அதே குறியோடு இருக்கிறதா என்று வாசித்தவர் வந்து கண்ணால் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கையை எதன்மீதும் வைக்கக் கூடாது. "ஒருத்தரே வாசிச்சு ஒருத்தரே அடிச்சா, நெனச்சதத்தான் அடிப்போம்" என்பார். ஏதாவது ஒரு பதில் பார்த்ததும் மனசுக்கு இதமாக இருந்தால் அவருக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். "நல்லா இருக்குதுங்களே, மறுக்கா பாருங்க" என்பார்.

கதவில் வரிகள் கூடின. அவர் பெயரில் ஏழு, என் பெயரில் நாலு. ஒரு தடவை பாலக்காட்டிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி பேனலைத் திறந்து பார்த்துவிட்டு, "இது எந்தா?" என்று மலையாளத்தில் கேட்டார். முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "எங்க பயமுங்க சாரே" என்றார். அந்த அதிகாரி வேறு எதையும் பார்க்காமல் அந்தக் கதவை முழுக்கப் படித்தார். தமிழ் படிக்கத் தெரிந்தவர். எந்த வரியையும் அழிக்கச் சொல்லாமல் போனார்.

இப்போது சொல்ல வேண்டியதுக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் கொடி, கதவு, அதிகாரி என்று சுற்றியதுகூட இதற்குப் பயந்துதான்.

இந்த மாங்காய் சீசன் தொடங்கும்போது கிடங்கில் மருத்துவ முகாம் நடந்தது. எல்லோருக்கும் ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சீட்டுகள் வந்தன. டாக்டர் யாரும் வரவில்லை, சீட்டு மட்டும் வந்தது. அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு ப்ளான்ட் ரூம் வாசலில் உட்கார்ந்து, போனில் தானே ஒரு விரலால் அடித்துக்கொண்டிருந்தார். கால் ரெண்டும் சில நாளாகவே வீங்கியிருந்தன. செருப்பு வார் பதிந்த தடம் மாலைவரை மறையாது. நான் பார்த்திருந்தேன்.

"யூரின்ல என்னமோ ஆல்புமின்னு போட்டிருக்குதுங்க அம்மிணி. வெயில்ல வேலை செய்யறவங்களுக்குக் கொஞ்சம் போறது சகஜமாமா. தண்ணி நெறையா குடிச்சா சரியாப் போகுமாமா" என்றார். சிரித்தார். போனை என்னிடம் காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். போனில் ஆல்புமின் பற்றிய ஒரு பக்கம், அவர் சொன்னபடியே எழுதியிருந்தது. அவர் மடியில் சீட்டு விரிந்து கிடந்தது. அதில் ஆல்புமினுக்கு எதிரே மூன்று கூட்டல் குறி. ஒன்றல்ல, ரெண்டல்ல, மூன்று, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு. போனில் வந்த பக்கத்தில் ஒரு கூட்டல் குறிகூட இல்லை.

எனக்குத் தெரிந்தது. படித்துத் தெரிந்ததில்லை, டாக்டர் மாதிரித் தெரிந்ததுமில்லை. பேனல் முன்னால் நிற்பவளுக்கு எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது. குறியை அது தின்றுவிட்டது. வாசிக்க ஆள் இல்லாமல் ஒருத்தரே வாசித்து ஒருத்தரே அடித்திருக்கிறார். பதில் இதமாக இருக்கிறது, அவருக்குச் சந்தேகம் வரவில்லை. ஈ பறந்தாலும் துள்ளுகிற மனிதர் அன்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"மறுக்கா பாருங்ணா" என்ற ரெண்டு வார்த்தை. வாய்வரை வந்தது. ஏன் சொல்லவில்லை என்று அவர் போனதிலிருந்து என்னையே குடைந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் நிம்மதியைக் கலைக்க மனமில்லை என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி. மீதியும் சொல்கிறேன். வாசலில் எட்டு லாரி நின்றது. அவர் கோயம்புத்தூருக்கு ஆஸ்பத்திரி என்று கிளம்பினால் அந்தப் பேனலோடு நான் தனியாக நிற்க வேண்டும். அலாரம் அடித்தால் நான்தான் வாசிக்க வேண்டும், நான்தான் அடிக்க வேண்டும். அதற்குப் பயந்தேன். "அப்ப சரிங்ணா, தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு லாக் எழுத உள்ளே போனேன். சீசன் முடியட்டும், மெதுவாகச் சொல்லலாம் என்று இருந்தேன். சீசன் முடியும் முன் அவர் வாசற்படியிலேயே சரிந்தார்.

நான் எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்துவிட்டது. இப்போது தனியாகத்தான் நிற்கிறேன். போன வாரம் அலாரம் அடித்தது. வள்ளிக்குப் போன் செய்து, "நான் வாசிக்கிறேன், நீ எழுது, திருப்பிச் சொல்லு" என்றேன். கொட்டகையில் உட்கார்ந்து அவள் மாங்காய்க் கூடை அட்டையில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு குறியாகத் திருப்பிச் சொன்னாள். "இடைவெளிங்க, கழித்தலுங்க, எல், ஒண்ணுங்க. சரிங்களா அண்ணி?" சரியாகத்தான் இருந்தது. சின்னக் கோளாறுதான். சரிசெய்த பிறகும் ஒரு மணி நேரம் வெளியே சிவப்புத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டிரைவர் ஒருவன், "என்னங்க்கா, நீங்களும் அண்ணனாட்டம் ஆயிட்டீங்க" என்று சிரித்தான். ஆமாம் என்றேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் பேனல் கதவைத் திறந்து ஒரு வரி எழுதினேன். "சரோஜா. சீட்டில் மூன்று கூட்டல் இருந்தது. போனில் இல்லை. பார்த்தேன். கேட்கவில்லை." பேர் போட்டுத்தான் எழுதினேன். ஆனால் அந்தக் கதவைத் திறக்கிறவள் நான் ஒருத்திதான். யாரும் படிக்காத இடத்தில் பேர் போடுவதற்குப் பெரிய தைரியம் தேவையில்லை. அவர் இருந்தால் பேனாவைத் திரும்ப என் கையில் கொடுத்திருப்பார்.

அவருடையதாக என்னிடம் இருப்பவை இவை: ஆணியில் தொங்கும் தோர்த்து, தினமும் காலையில் நனைக்கிறேன். காற்று எந்தப் பக்கம் என்று கேட்கும் பழக்கம், பதில் சொல்ல ஆள் இல்லாமல் நானே கேட்டு நானே சொல்லிக்கொள்கிறேன். பிறகு அந்தப் பயம். என்னிடம் விட்டுவிடுங்கள் என்று அவர் கேட்டது அது ஒன்றைத்தான். அதை நான் எடுத்துக்கொண்டேன், இனி யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

இதைக் கூட்டத்தில் நானே எழுந்து நின்று வாசிக்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். கவிதா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பாள். இந்த இடம் வரும்போது என் கை நடுங்கும், நடுங்கிக்கொண்டேதான் வாசிப்பேன்.

கவிதா, அப்பா ஒடம்பு சரியில்லீன்னு ஒரு வார்த்தை சொன்னாரான்னு கேட்டாயே கண்ணு. சொன்னார். சீட்டையும் காட்டினார்.